அட்ரினல்: ‘சிறுநீரகச் சுரப்பி’ அல்ல, அண்ணீரகம்

‘சிறுநீரகச் சுரப்பியில் கட்டி’. மருத்துவமனைத் துண்டறிக்கையிலும் தொலைக்காட்சி நலவாழ்வு நிகழ்ச்சியிலும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் என்ற தனிச் சுரப்பியில் வரும் கட்டிக்கு இந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இதைப் படிக்கும் நோயாளிக்கு முதலில் வரும் பயம், ‘கிட்னி போய்விட்டதா, டயாலிசிஸ் செய்ய வேண்டுமா’ என்பதுதான். அந்தப் பயத்தைக் கொடுத்தது நோய் இல்லை, மொழிபெயர்ப்பு.

லத்தீனில் ‘அட்’ என்றால் அருகே. ‘ரென்’ என்றால் சிறுநீரகம். இரண்டும் சேர்ந்தது அட்ரினல். 1563இல் இந்தச் சுரப்பிகளை விவரித்த இத்தாலிய உடற்கூறியலாளர் யூஸ்டாக்கி, சிறுநீரகங்களின் மேல் சாய்ந்திருக்கும் சுரப்பிகள் என்றே எழுதினார். சொல்லின் பிறப்பு அவ்வளவுதான்.

‘அருகே’ என்ற பகுதியை விட்டுவிட்டால் சொல்லின் பொருளே போய்விடும். சிறுநீரகக் கல் என்றால் சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல். அதே வாய்பாட்டில் சிறுநீரகச் சுரப்பி என்றால் தமிழ் அறிந்த யாரும் சிறுநீரகத்தின் ஒரு பகுதி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அட்ரினல் சிறுநீரைப் பிரிப்பதில்லை. அதன் வெளிப்பகுதியான புறணி கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. உள்ளே இருக்கும் அகணி அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், இந்தச் சுரப்பிகள் அழிந்தவர்கள் தோல் கறுத்து, உடல் தளர்ந்து இறந்துபோவதைப் பதிவு செய்தார். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த நோய் வரும்.

சிலர் ‘சிறுநீரக மேற்சுரப்பி’ என்கிறார்கள். இது பிழையில்லை, மதிக்கத் தக்க சொல்தான். ஆனால் புறணியில் தோன்றும் புற்றைச் சொல்ல ‘சிறுநீரக மேற்சுரப்பிப் புறணிப் புற்றுநோய்’ என்று எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும். எழுதுகிறவர் பாதி வழியில் ‘மேல்’ என்பதைக் கழற்றிவிடுவார், மறுபடியும் சிறுநீரகச் சுரப்பிக்கே வந்துவிடுவோம். நீளமான கலைச்சொல்லில் முதலில் உதிர்வது எப்போதும் தேவையான பகுதியாகவே இருக்கிறது.

அண்ணீரகம் என்ற சொல்லில் அப்படிக் கழற்ற எதுவும் இல்லை. அண் + நீரகம். கண் + நீர் கண்ணீர் ஆவதுபோல இதுவும் புணர்ந்தது. அண்மை, அண்டை என்ற சொற்களில் இருக்கும் அதே அண். அண்ணாந்து பார்ப்பதில் மேல் என்ற பொருளும் உண்டு. அருகே, மேலே இரண்டையும் ஒரே அசை தாங்குகிறது. அண்ணீரகப் புறணி, அண்ணீரக அகணி, அண்ணீரக நீக்கம் என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன.

நீரகம் என்பதை ஹைட்ரஜனுக்கும் சிலர் எழுதியிருக்கிறார்களே என்று கேட்பார்கள். சரி, கேள்வி நியாயமானது. ஆனால் ஸ்கேன் அறிக்கையில் ஹைட்ரஜனைத் தேடும் வாசகர் யார்? புரியாத சொல் என்பது அடுத்த மறுப்பு. புரியாத சொல்லைக் கேட்டால் நோயாளி ‘அப்படியென்றால் என்ன?’ என்று கேட்பார், மருத்துவர் விளக்குவார். தவறாகப் புரியும் சொல்லைக் கேட்டவர் எதுவும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு இரண்டாவதுதான் அச்சம் தருகிறது. அண்ணீரகம் பிடிக்கவில்லையென்றால் அட்ரினல் என்றே எழுதுங்கள். கடன்சொல்லால் கெடுதல் இல்லை. அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன் பெயர்களை நான் அப்படியேதான் எழுதுகிறேன்.

இது வெறும் சொல் தகராறு இல்லை. வயிற்று வலிக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் எதிர்பாராமல் அண்ணீரகக் கட்டி தெரிவது உண்டு. அப்போது அது ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். அகணியில் தோன்றி அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியாக இருந்தால், அந்த ஹார்மோன்களின் சிதைபொருளான மெட்டானெஃப்ரினை அளக்கும் பரிசோதனை செய்யாமல் ஊசி குத்தித் திசு எடுப்பது ஆபத்து, ரத்த அழுத்தம் எகிறிவிடும். இந்தக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்யும் முன், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பு மருந்தை முதலில் தர வேண்டும், தேவையானால் அப்புறம்தான் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து. கட்டி சிறுநீரகத்தில் என்று நம்பியவர், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவு சரியாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுவார். தலைவலி, வியர்வை, படபடப்பு என்று இந்தக் கட்டியின் அறிகுறிகளாக அவர் சொல்லியிருக்க வேண்டியவை சொல்லப்படாமலே போகும்.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லின் ஒரு பகுதியை மட்டும் அகராதியில் பார்த்துவிட்டு உறுப்பைப் பார்க்காமல் எழுதுவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஓர் உடற்கூறு படத்தைத் திறந்து பார்த்தால் போதும், சிறுநீரகத்தின் மேல் தனி உறுப்பாக இருக்கும் சுரப்பி தெரிந்துவிடும். 1992இல் கனடா அறுவை மருத்துவர் மிஷெல் கான்யே லேப்ராஸ்கோப்பி வழியாக அண்ணீரகத்தை எடுத்துக் காட்டிய பிறகு, சிறு துளைகள் வழியே சுரப்பியை மட்டும் எடுப்பது பரவலாகிவிட்டது. சிறுநீரகம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒப்புதல் படிவத்தில் ‘சிறுநீரகச் சுரப்பி அகற்றம்’ என்று அச்சிட்டு ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால், எதை எடுக்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்துக் கையெழுத்திடுவார்?