பஸ்: ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லின் வால்

பஸ் தனிச்சொல்லே இல்லை, ஒரு லத்தீன் சொல்லின் வால். முழுச்சொல் ‘ஆம்னிபஸ்’. ‘ஆம்னிஸ்’ என்றால் ‘எல்லா’. கடைசியில் வரும் ‘பஸ்’, நம் நான்காம் வேற்றுமை ‘கு’ செய்யும் வேலையைப் பன்மையில் செய்யும் உருபு. சேர்த்துப் படித்தால் ‘எல்லோருக்கும்’. பேச்சில் சுருங்கியபோது ‘எல்லோர்’ கழன்றுவிட்டது; உருபு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது பிரான்சின் நாந்த் நகரில். 1826 வாக்கில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர், ஊருக்கு வெளியே தான் நடத்திய குளியல் நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுவர குதிரை வண்டி விட்டார். குளிக்க வந்தவர்களைவிட வழியில் ஏறி இறங்கியவர்களே அதிகமாக இருக்க, வண்டி விடுவதையே தொழிலாக்கிக்கொண்டார். ஓம்னே என்ற கடைக்காரர் தன் பெயரை வைத்துப் பலகையில் எழுதிய சிலேடையிலிருந்து வண்டியின் பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. கதை அழகு, ஆதாரம் மெலிவு. 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் லண்டனில் ஆம்னிபஸ் விட்டார். பாடிங்டனிலிருந்து பேங்க் வரை கட்டணம் ஒரு ஷில்லிங். அன்றைய கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாத காசு.

‘எல்லோருக்கும்’ என்ற பேச்சே இல்லாத வண்டியும் அதற்கு முன் இருந்தது. 1662இல் கணித மேதை பாஸ்கலின் யோசனைப்படி, பாரிசில் குறித்த தடத்தில் குறித்த கட்டணத்துக்குக் குதிரை வண்டிகள் ஓடின. சிப்பாய்கள், பணியாட்கள், கூலிகள் ஏறக் கூடாது என்று நகரின் உயர் நீதிமன்றம் தடை போட்டது. வசதியானவர்கள் வசதியாக உட்கார வேண்டுமாம்! நாளடைவில் அந்தச் சேவை நொடித்தது.

சட்டத்தில் இருந்த விலக்கு எளிதில் போகவுமில்லை. அமெரிக்காவின் மாண்ட்கமரி நகர பஸ்களில் முன் இருக்கைகள் வெள்ளையருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். கறுப்பினத்தவர் முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறவேண்டிய நிலையும் இருந்தது. இத்தனைக்கும் பயணிகளில் பெரும்பாலோர் அவர்கள்தான். 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்காக இருக்கையை விட மறுத்துக் கைதானதும், கறுப்பினத்தவரின் பஸ் புறக்கணிப்பு தொடங்கி 381 நாள் நீடித்தது. பஸ்ஸில் இனப் பிரிவினை செல்லாது என்பது உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியான பிறகே அது முடிந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு விநோதமான வாழ்வு கிடைத்தது. முழுச்சொல்லை இங்கே அப்படியே வைத்திருப்பது ‘ஆம்னி பஸ்’ மட்டும்தான். அதாவது தீபாவளி, பொங்கல் சமயத்தில் டிக்கெட் விலை கேட்டாலே தலை சுற்றும் தனியார் பஸ். எல்லோருக்குமான பஸ்ஸை நாம் ‘டவுன் பஸ்’ என்கிறோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பேருந்து. ‘பெருமை’ உயிரெழுத்துக்கு முன் ‘பேர்’ ஆகும். ‘உந்து’ என்பது தள்ளிச் செலுத்துவது. பெரிய ஊர்தி என்று பொருள். சிற்றுந்து, மகிழுந்து, சரக்குந்து எல்லாம் அதே வார்ப்பு. இவற்றில் மகிழுந்து வாயில் ஏறவில்லை. பேருந்து ஏறிவிட்டது, எழுத்திலாவது. அதை மாற்றத் தேவையில்லை. லத்தீன் பெயர் ஆளைச் சொல்கிறது, தமிழ்ப் பெயர் வண்டியைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆளைக் கவனிக்கும் கொள்கைக்கு ஆங்கிலத்தில் ‘டிரான்சிட் ஈக்விட்டி’ என்கிறார்கள். ‘போக்குவரத்துச் சமத்துவம்’ என்று பெயர்க்கலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. எல்லாப் பகுதிக்கும் சரிசமமாகப் பத்துப் பஸ் விடுவதும் சமத்துவம்தானே? கார் உள்ளவர் தெருவுக்கும், சென்னையின் நடுவிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டவர் தெருவுக்கும் தேவை ஒன்றல்ல. ‘போக்குவரத்து நீதி’ என்பதே பொருந்தும்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. பிறகு திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது மாதச் செலவில் நேரடியாகத் தெரியும். ஆனால் அந்த வண்டி வந்தால்தான் சலுகை. வரிசையாகக் காசு வாங்கும் டீலக்ஸ் பஸ்களே வந்துகொண்டிருந்தால் காத்திருப்பதுதான் கட்டணம். அப்புறம், படி. உயரப் படியுள்ள பஸ்ஸில் சக்கர நாற்காலிக்காரருக்கு இலவசம் என்பதில் என்ன பயன்? அதற்குத்தான் தாழ்தளப் பேருந்து. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு, 2024இல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் அவை நடைமேடைப் பக்கம் சாயும்; சக்கர நாற்காலி ஏறச் சாய்தளத்தையும் விரிக்கலாம். அதற்கு வண்டி நடைமேடையை ஒட்டி நிற்க வேண்டும். அந்த இடத்தில் ஆட்டோவோ தள்ளுவண்டியோ நின்றுவிட்டால் சாய்தளம் சாலையில்தான் இறங்கும்.