சிவப்புக் கோட்டில் இருக்கும் தங்கம்

நீலகிரியில் தங்கம் என்றால் பந்தலூர், தேவாலா பக்கத்து ஆட்களுக்குப் பழைய சுரங்கக் குழிகள்தான் ஞாபகம் வரும். 1880 வாக்கில் லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்று, இங்கே மலையைக் குடைந்தார்கள். போட்ட பணம்கூடத் தேறாமல் சில வருடங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. நான் சொல்ல வந்தது வேறு தங்கம். எங்கள் லேப்புக்குக் காய்ச்சலோடு வருகிறவர்களில் பலர், தங்கம் என்று தெரியாமலே அதைப் பார்த்திருக்கிறார்கள்.

மழைக்காலம் முடியும்போது இங்கே ஸ்க்ரப் டைஃபஸ் சந்தேகத்தோடு நிறையப் பேர் வருவார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு உண்ணிகள் கடித்துப் பரவும் பாக்டீரியா காய்ச்சல் இது. பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழ் என்று மறைவான இடத்தில் இருப்பதால் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். இந்தக் கிருமி சாதாரண கல்ச்சர் தட்டில் வளராது. அதனால் சிறு பிளாஸ்டிக் அட்டையில் பார்க்கும் கார்டு டெஸ்ட் போடுகிறோம். ஒரு சொட்டு சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்), அதன்மேல் கரைசல். ஈரம் மெல்ல ஏற ஏற, கார்டின் ஜன்னலில் முதலில் வெளிர் இளஞ்சிவப்பாக ஒரு நிழல் நகரும். அப்புறம் கோடு தெளியும். அந்தச் சிவப்பு சாயம் அல்ல, தங்கம்.

கார்டின் அடியில் ஒரு சிறு பட்டையில் தங்கத் துகள்களை உலர்த்தி வைத்திருப்பார்கள். பொதுவாகச் சுமார் 40 நானோமீட்டர் அளவு. ஒரு பாக்டீரியாவே ஆயிரம், இரண்டாயிரம் நானோமீட்டர் இருக்கும். இந்த அளவுக்குப் பொடிந்தால் தங்கம் மஞ்சளாக இருக்காது. பச்சை ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இப்படிச் சிவப்பான தங்கக் கரைசலைச் செய்து, நிறத்துக்குக் காரணம் துகளின் நுண்மைதான் என்று சொல்லிவிட்டார். துகள்களின் மேல் பூசிய புரதம், தேடும் பொருளைப் பிடித்துக்கொண்டு கோட்டில் போய்ச் சிக்கும். தங்கம் அங்கே குவிந்ததும் கண்ணுக்குத் தெரிகிறது. மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மழையில் மரம் விழுந்து நாள் முழுக்கக் கரண்ட் போகும் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனால் கார்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஸ்க்ரப் டைஃபஸ் கார்டு பிடிப்பது கிருமியை அல்ல, அதை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் அது போதுமான அளவு இருக்காது. நெகட்டிவ் என்று வந்தாலும் டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினால் தட்டாமல் சாப்பிடுங்கள். கிருமியின் பாகத்தையே பிடிக்கும் தங்கக் கார்டுகளும் உண்டு. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. லேப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மலையில் கார்டைக் கெடுப்பது ஈரம். பையைப் பிரித்துவிட்டு, அடுத்த ஆள் வரட்டும் என்று மேஜையில் வைக்காதீர்கள். குறித்த நேரம் தாண்டிப் படிக்காதீர்கள்.

என் மனதை அதிகம் அறுப்பது சிறுநீர்த் தொற்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் காட்டுக்குள் கழிப்பறை இல்லாமல் மணிக்கணக்கில் அடக்கி வைத்திருக்கிறார்கள், அதற்காகவே தண்ணீர் குடிக்காமலும் இருக்கிறார்கள். எரிச்சலும் குளிருமாக வருவார்கள். கல்ச்சரும், எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்கிற சென்சிட்டிவிட்டியும் வர இரண்டு மூன்று நாளாகும். "மேடம், திரும்ப லீவு போட்டா சம்பளம் போயிடும், இப்பவே ஏதாவது குடுத்துடுங்க" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில்தான் ஊகத்தில் ஆன்டிபயாட்டிக் உள்ளே போகிறது, கிருமி அதற்குப் பழகிக்கொள்கிறது. இப்படி ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019-இல் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

தங்கத் துகள் ஆராய்ச்சியை நான் ஆவலோடு பின்தொடர்வது இதனால்தான். தனித்தனியாக மிதக்கும்போது சிவப்பாக இருக்கும் துகள்கள், ஒன்றோடொன்று நெருங்கினால் ஊதாவாகவோ நீலமாகவோ மாறும். பாக்டீரியாவின் மேல் மொய்த்து நெருங்கும்படி செய்தால், கிருமி இருப்பதை நிறமே சொல்லிவிடும். நாட்கணக்கை நிமிடக்கணக்காக்க முயல்கிறார்கள்.

கொல்வது அடுத்த கட்டம். குச்சி வடிவத் தங்கத் துகள்கள், சிவப்புக்கு அடுத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வாங்கிச் சூடாகும். பாக்டீரியாவில் ஒட்டியிருந்தால் அதன் உறை சிதைந்து செத்துவிடும். பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத கிருமிகளிடமும் ஆய்வகத்தில் இது வேலை செய்திருக்கிறது. ஆனால் அந்த ஒளி தோலைத் தாண்டி அதிக ஆழம் போகாது. ரத்தத்தில் செலுத்தினால் துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகின்றன. அதனால் புண்ணிலும் தோலிலும்தான் இது முதலில் பயன்படும் என்று நினைக்கிறேன். இன்றைக்கு பாக்டீரியா தொற்றுக்கு என்று நானோ தங்க மருந்து எந்த மருந்துக்கடையிலும் கிடையாது. ஆன்லைனில் 'நானோ தங்க நீர்' என்று விற்பதைக் குடித்துக் காசையும் நாளையும் விடாதீர்கள்.

அதுவரை கையில் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்துவோம். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். கல்ச்சர் எழுதியிருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சாம்பிள் கொடுத்துவிடுங்கள். சிறுநீரை எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் லேப்பில் சேருங்கள். முடியாதென்றால் ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வழியிலேயே கிருமி பெருகி ரிப்போர்ட் தப்பாகும். ரிப்போர்ட் வாங்க இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், டாக்டருக்கும் அப்படியே அனுப்பி, மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.