தசைத் தளர்ச்சி மருந்தா, தசையிளக்கியா?

முடக்கறுத்தான் இலைச்சாறு தசையின் இறுக்கத்தைக் குறைக்கிறதா என்று சுண்டெலிகளில் சோதிக்கும் ஆய்வுகளைத் தமிழாக்குவோர், ‘மஸில் ரிலாக்ஸன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் ‘தசைத் தளர்ச்சி மருந்து’ என்றே விடாமல் எழுதி வருகிறார்கள். இது பொருளைத் தலைகீழாக்கும் சொல். காய்ச்சல் மருந்து காய்ச்சலைத் தீர்ப்பது. இருமல் மருந்து இருமலைத் தீர்ப்பது. திருநெல்வேலி டவுனில் நாட்டு மருந்துக் கடையில், “அண்ணாச்சி, தசைத் தளர்ச்சிக்கு ஏதாவது குடுங்க” என்று கேட்டால், அவர் உடலுக்கு வலுவூட்டும் அமுக்கராச் சூரணத்தை எடுத்து வைப்பாரே தவிர, பிடிப்பை இளக்கும் மருந்தைத் தரமாட்டார். சுழலும் தண்டில் நிற்கும் எலி எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று, தசையை இளக்கும் என்று அறிந்த டயஸிபாம் மருந்தைக் கொடுத்த எலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இச்சோதனை. உறக்கத்தாலும் எலி விழக்கூடும் என்பதால் வேறு சோதனைகளும் உடன் வேண்டும். அத்தனை கவனமாகச் செய்ததை ‘தளர்ச்சி உறுதியானது’ என்று முடித்தால், மூலிகை உடலை நலிவாக்குகிறது என்றுதானே படிப்பவர் கொள்வார்?

‘ரிலாக்ஸன்ட்’ என்பதன் வேர், நெகிழ்ந்தது என்னும் பொருளுடைய ‘லக்ஸஸ்’ என்ற இலத்தீன் சொல். ‘லாக்ஸேட்டிவ்’ என்பதற்கும் அதுவே வேர். அதை நாம் வெகுகாலமாக மலமிளக்கி என்கிறோம். ஆகவே தசையிளக்கி.

‘தசைத்தளர்த்தி’ இலக்கணப் பிழையன்று. ஆனால் எழுதும் கையும் படிக்கும் கண்ணும் பழகிய ‘தளர்ச்சி’க்கே நழுவுகின்றன. ‘நெகிழ்த்தி’ என்றால் இன்றைக்கு நெகிழிப் பை நினைவுக்கு வருகிறது. இசிவை, அதாவது தசை இழுத்துப் பிடிப்பதை, நீக்கும் மருந்துக்குச் சித்த மருத்துவம் தந்த ‘இசிவகற்றி’யை இங்கே கொண்டுவந்து பொருத்துவோர்தாம் என்னை மிகவும் வருத்துகிறார்கள். அது அருமையான சொல். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி மாணவர்க்குக் கோழையகற்றி, சிறுநீர்பெருக்கி போல அன்றாடம் புழங்குவது. ஆனால் இசிவு இருந்தால்தானே அகற்ற முடியும்? தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய க்யூராரே என்ற தாவர நஞ்சை, 1942இல் கனடாவின் மாண்ட்ரியாலில் மயக்க மருத்துவர் ஹெரால்ட் கிரிஃபித் அறுவை சிகிச்சையில் பயன்படுத்தியபோது, அது இசிவு எதையும் நீக்கவில்லை. நலமாயிருந்த தசையையே இளக்கியது. இரண்டையும் ஒன்றாக்கினால் குடல் இசிவுக்கான மருந்தும் மயக்க மருத்துவர் ஊசியில் ஏற்றும் மருந்தும் ஒரே பெயரில் நிற்கும்.

நம் பக்கத்தில் எண்ணெய் தேய்த்தபின் “பிடிப்பு இளகிட்டு” என்றே சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுமுன் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஆய்வின் தலைப்பை ‘முடக்கறுத்தான் இலையின் தசையிளக்கும் செயல்’ என்று எழுதலாம். எந்தத் தசை என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘எலும்புத்தசை இளக்கி’ எனலாம்.