‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’: ஜப்பானிய மொழியை நம்பித் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

ஒரகடம் பக்கம், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலை. ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை தேறிய புதிதில் அங்கே மொழிபெயர்க்கப் போயிருந்தேன். விலைப்புள்ளியைப் புரட்டிப் பார்த்த ஜப்பானியர், பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுத்து, ‘கென்தோ ஷிமஸ்’ என்றார். அகராதியில் இருந்தபடி ‘பரிசீலிக்கிறோம் என்கிறார்’ என்றேன். முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. அந்த வாரமே கச்சாப் பொருளுக்கு முன்பணம் கட்டினார். ஆர்டர் வரவே இல்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்று எழுந்தால், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்போதே புரிந்துவிடும். அந்த ஜப்பானியர் சொன்னதும் அதுதான். எனக்கு வார்த்தை தெரிந்திருந்தது, பேச்சு புரியவில்லை. அந்த முன்பணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சான்றிதழே வேலை என்று நினைக்கிறார்கள். ஜே.எல்.பி.டி. என்கிற அந்த மொழித் தேர்வில் பேச்சுத் தேர்வு கிடையாது. எழுதவும் வேண்டாம், விடையைக் குறித்தால் போதும். என்2-க்கு 180-க்கு 90 மதிப்பெண், பிரிவுக்குக் குறைந்தது 19. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசாமலே தேறிவிடலாம். தேர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை, நேர்காணலுக்குக் கூப்பிட அதுதான் கதவு. ஆனால் முதல் நாள் முதல் தினமும் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.

தமிழருக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ‘தபேதே மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. மிரு என்ற சொல்லுக்கே பார் என்றுதான் பொருள். ‘கத்தே ஓகு’ என்றால் ‘வாங்கி வை’, ஓகு என்றால் வை. ‘கினோ கத்தா ஹோன்’ அப்படியே ‘நேற்று வாங்கிய புத்தகம்’, ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. இதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் படித்து ஏன் சிரமப்பட வேண்டும்? தமிழிலேயே யோசித்துப் படியுங்கள். கான்ஜி என்கிற, சீனத்திலிருந்து வந்த எழுத்துகளுக்கு மட்டும் குறுக்குவழி இல்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலிலேயே 2136 எழுத்துகள்.

அடுத்தது, மொழியோடு ஒரு தொழில் கையில் இருக்க வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண், மெக்கானிக்கல் டிப்ளமோ, அப்போது என்3 தான், என்2-க்கு ஒரு படி கீழே. ஆய்வு மேசையில் ஜப்பானியப் பொறியாளர் ஒரு பாகத்தைக் காட்டி ‘பாரி’ என்றார். பக்கத்திலிருந்த என்2 தேறிய பையன் விழித்தான். அவள் விளிம்பில் நகத்தை ஓட்டி, பிசிறு தட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். அன்று முதல் அவர் கேள்விகளெல்லாம் அவளிடமே வந்தன. இன்று கொள்முதல் பிரிவில் ஜப்பானில் உள்ள நகோயாவோடு தினமும் பேசுகிறாள். கணக்கு, சரக்குப் போக்குவரத்து, மென்பொருள் சோதனை என்று உங்களுக்கு எது தெரியுமோ அந்தத் துறையின் ஜப்பானியச் சொற்களைத் தனி நோட்டில் எழுதத் தொடங்குங்கள். நோகி என்றால் டெலிவரி தேதி, மித்ஸுமோரி என்றால் விலைப்புள்ளி. பாடப்புத்தகத்தில் பிந்தி வரும் இந்தச் சொற்கள் வேலையில் முதல் நாளே வரும்.

ஏஜெண்டுகள் விஷயத்தில் கவனம். 2019-இல் ஜப்பான் கொண்டுவந்த ‘குறிப்பிட்ட திறன்’ வேலை விசாவுக்குப் புதிதாகப் போகிறவர் தொழில் திறன் தேர்வும், குறைந்தது என்4 அளவிலான மொழித் தேர்வும் தேற வேண்டும். ‘தேர்வே வேண்டாம், பணம் கட்டினால் போதும்’ என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மாணவர் விசாவில் அனுப்பி ‘முழுநேரம் சம்பாதிக்கலாம்’ என்பதும் பொய். அனுமதி வாங்கினாலும் கல்லூரி நாட்களில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான்.

இப்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது மூச்சை உள்ளே இழுத்தால், சொன்னதை மொழிபெயர்த்துவிட்டு, முதலாளி பக்கம் குனிந்து இன்னொன்றும் சொல்கிறேன்: “சார், இது லெட்டர் போடுகிறோம் மாதிரி தெரியுது. எந்தத் தேதிக்குள்ள பதில் வரும்னு கேட்கட்டுமா?”