தண்ணீர் ஊடுருவாது, சுவறும்

கொழும்பில் அச்சாகும் விவசாயக் கைநூல்களில் ‘சால்களில் நீரின் ஊடுருவல்’ என்று பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. சால் என்பது பயிர் வரிசைகளுக்கு நடுவே பாசன நீர் ஓடும் பள்ளம். போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்ததிலும் அதேதான்.

ஆங்கில மூலச்சொல் ‘இன்ஃபில்ட்ரேசன்’. வடிகட்ட உதவிய கம்பளித் துணியின் இலத்தீன் பெயரான ‘ஃபில்ட்ரம்’ அதன் வேர். மண்ணியலில் அதற்கு, நிலத்தின் மேல் நிற்கும் நீர் மண்ணுக்குள் இறங்குவது என்று பொருள். எதிரியின் பகுதிக்குள் நழுவிப் புகுவது என்ற படைப்பொருள் பிறகு வந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டது அந்தப் பின்வந்த பொருளைத்தான்.

ஊடுருவுவது என்றால் ஒன்றைத் துளைத்துக்கொண்டு போவது. அம்பு ஊடுருவும், குளிர் ஊடுருவும். சாலில் பாய்ந்த நீர் அடியிலும் இரு பக்கச் சுவர்களிலும் மண்ணுக்குள் இறங்கி, பெரும்பாலும் வேரடியிலேயே தங்குகிறது. தங்கவேண்டும் என்பதுதானே பாசனத்தின் நோக்கம்! வேரைத் தாண்டிக் கீழே போவது இழப்பு. அதற்கு வேறு பெயர் வேண்டும். அந்தக் கைநூலிலோ இரண்டுக்கும் ‘ஊடுருவல்’தான். வாசிக்கிற விவசாயிக்கு எது பயிருக்குப் போனது, எது வீணானது என்று எப்படிப் புரியும்?

இதற்கு யாழ்ப்பாணத்தில் நல்ல சொல் இருக்கிறது. வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுகிறவர், “தண்ணி சுவறீட்டுதோ?” என்றுதான் கேட்பார். தலையில் வைத்த எண்ணெயும் சுவறும். ஆகவே சுவறல், சுவறல் வீதம். வேருக்குக் கீழே போனால் ஆழ்கசிவு.

கணித மாதிரிகளுக்கும் இது பொருந்தும். 1932இல் சோவியத் பாசன அறிஞர் கொஸ்தியாக்கொவ் தந்த சமன்பாட்டில் சுவறிய நீர், நேரத்தின் ஓர் அடுக்காக வளர்கிறது. அந்த அடுக்கு ஒன்றுக்குக் குறைவு. அதாவது நேரம் போகப்போக மொத்தம் கூடும், வீதம் குறையும். சாலின் தலைப்பில் தண்ணீர் முதலில் வந்து அதிக நேரம் நிற்பதால் அங்கே கூடச் சுவறும், கடைசியில் குறையும். ‘தலைப்பில் ஊடுருவல் அதிகம்’ என்று எழுதினால் காவல் போடச் சொல்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?

‘உறிஞ்சல்’ என்பாரும் உண்டு. அது வேர் செய்யும் வேலை. ‘கசிவு’ வாய்க்கால் கரையிலிருந்து வெளியேறுவது. சுவறுதலுக்கு வற்றுதல் என்ற பொருளும் அகராதியில் உண்டு, சரி. ஆனால் ‘மண்ணில் சுவறல்’ என்றால் யாரும் வற்றியது என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நாட்டுப்புறச் சொல் என்று தள்ளுகிறவர்கள், வயலில் நிற்பவருக்காகத்தான் அந்தக் கைநூல் அச்சாகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.