திரும்பும் சக்கரத்தைச் சீராகச் சுழற்றுவது எப்படி? ஒரு பந்தய ஓட்டுநரின் நண்பர் தந்த விடை

முன்சக்கரத்தால் காரை இழுக்க வைப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. அந்தச் சக்கரம் ஸ்டீயரிங்குக்கு ஏற்பத் திரும்பவும் வேண்டும், எஞ்சினின் விசையை வாங்கிச் சுழலவும் வேண்டும். அது திரும்பும் நேரத்தில் எஞ்சின் பக்கத்துத் தண்டுக்கும் சக்கரத்தின் தண்டுக்கும் நடுவே ஒரு மடக்கு விழுகிறது. அந்த மடக்கைத் தாண்டிச் சுழற்சி போய்ச் சேர வேண்டும்.

1920களில் இதற்குக் கைவசம் இருந்தது யூனிவர்சல் ஜாயிண்ட். லாரியின் அடியில் இன்றும் பார்க்கலாம்: இரண்டு கவைகள், அவற்றைக் கோத்துப் பிடிக்கும் சிலுவை வடிவ கிராஸ் ஒன்று. மடக்கிலும் சுழலும், ஆனால் சீராகச் சுழலாது. வட்டமான வளையலைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நீள்வட்டமாகத் தெரியும். கிராஸின் ஒரு கை முதல் தண்டுக்குச் செங்குத்தான வட்டத்தில் சுற்றுகிறது. மறு கை சுற்றும் வட்டமோ அதற்குச் சாய்ந்தது. முதல் தண்டின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டாவது வட்டம் அந்த வளையலைப் போல நசுங்கியே தெரியும். அதனால் ஒரு பக்கம் சம அளவில் நகரும்போது, மறுபக்கம் சில இடங்களில் கூடுதலாகவும் சில இடங்களில் குறைவாகவும் நகர்கிறது.

கணக்கும் எளிது. மடக்கு 30 டிகிரி என்றால், நிமிடத்துக்கு 500 சுற்று என உள்ளே போகும் வேகம் வெளியே 433க்கும் 577க்கும் இடையே ஏறி இறங்கும், அதுவும் ஒரே சுற்றில் இரண்டு முறை. நீண்ட தண்டில் சில டிகிரி மடக்கு இருந்தால் யாருக்கும் தெரியாது. முழுதாகத் திருப்பிய முன்சக்கரத்திலோ ஸ்டீயரிங் கையில் உதறும், டயர் தேயும், தண்டுக்கும் ஆபத்து.

பாரிஸில் 1899இல் பிறந்த ஷான்-ஆல்பெர் கிரெக்வார், எகோல் பாலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரியில் படித்தவர். நண்பர் பியர் ஃபெனாயுடன் வெர்சாயில் ஒரு காரேஜ் நடத்திவந்தார். முன்சக்கர இழுப்பில் பிடிவாதமாக இருந்தவர் கிரெக்வார். விடையைக் கண்டுபிடித்தவர் ஃபெனாய். 1926இல் காப்புரிமையும் அவர் பெயரில்தான்.

டிராக்டா எனப் பெயர் பெற்ற அந்த இணைப்பில் நான்கே துண்டுகள். இரு முனைகளிலும் இரண்டு கவைகள், நடுவே ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு உருண்டைத் துண்டுகள்: ஒன்றில் நாக்கு, மற்றதில் அது பொருந்தும் காடி. இயக்க முறைப்படி பார்த்தால், இரண்டு யூனிவர்சல் ஜாயிண்டுகளை முதுகோடு முதுகு ஒட்டிச் சுருக்கியதுதான் இது. மொத்த மடக்கில் பாதியை முதல் பாதியும் மீதியை இரண்டாம் பாதியும் ஏற்கின்றன. முதலாவது உண்டாக்கும் தள்ளாட்டத்தை இரண்டாவது அப்படியே எதிர்த்திசையில் ஈடுசெய்கிறது. நடுத்துண்டுகள் ஏறி இறங்கித்தான் சுழல்கின்றன. சக்கரத்துக்கோ சீரான சுழற்சி போய்ச் சேர்கிறது. நிபந்தனை ஒன்றே: மடக்கு சரிபாதியாகப் பிரிய வேண்டும். அதற்கு, சக்கரம் திரும்பும் அச்சு இணைப்பின் நட்டநடுவே செல்லும்படி அமைக்க வேண்டும்.

காகிதத்தில் சரியாக இருப்பதை யார் வாங்குவார்கள்? இணைப்பை விற்க ஒரு கார் தேவைப்பட்டது. பாரிஸை ஒட்டிய அஸ்னியேரில் டிராக்டா என்ற பெயரிலேயே தாழ்வான சிறு கார்களைக் கட்டினார்கள். 1927 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். அதற்குச் சற்று முன் ஒரு சாலை விபத்தில் அடிபட்ட கிரெக்வார், தலையில் கட்டோடு லுசியன் லெமெஸ்லுடன் மாறி மாறி ஓட்டினார். அந்த ஆண்டு என்றால் எல்லோரும் பேசுவது பென்ட்லி கார்கள் மோதிக் குவிந்த விபத்தையும் அதில் அடிபட்ட ஒரு பென்ட்லியே வென்றதையும்தான். புறப்பட்ட 22 கார்களில் ஓடி முடித்தவை ஏழு. டிராக்டா ஏழாவது. கடைசி இடம்தான், ஆனால் ஒரு நாள் முழுக்க இணைப்பு உடையவில்லை. கிரெக்வாருக்கு வேண்டிய விளம்பரம் அதுதான் என்பேன். அவருடைய கார், இணைப்பைச் சுமந்து காட்டிய ஒரு பெட்டி.

1931இல் வந்த ஜெர்மனியின் டிகேடபிள்யூ எஃப்1 கார் இந்த இணைப்போடுதான் ஓடியது. டிராக்டா கார்கள் 1930களின் நடுவில் நின்றுபோயின, இணைப்பு நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் டைம்லர் டிங்கோ கவச வண்டியிலும், ஜீப்புகள் சிலவற்றின் முன் அச்சிலும் அது இருந்தது.

அதன் குறை உராய்வு. நாக்கும் காடியும் வழுக்கித் தேய்வதால், வேகம் கூடக்கூடச் சூடாகும். ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃப்ரெட் ஜெப்பாவின் வடிவமைப்பில் ஆறு எஃகுக் குண்டுகள் வளைந்த பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். அவற்றை ஒரு கூண்டு எப்போதும் மடக்கைச் சரிபாதியாக்கும் தளத்திலேயே நிறுத்தும். தேய்மானம் குறைவு, ஆனால் பள்ளங்களைத் துல்லியமாகக் கடைய வேண்டும். மலிவாகச் செய்ய நாளாயிற்று. 1959இன் மினி காரில் இருந்தது அந்த வகைதான். இன்று முன்சக்கர இழுப்புக் கார்களில் சக்கரத்தை ஒட்டி, ரப்பர் உறைக்குள் கிரீஸோடு இருக்கும் சி.வி. (மாறா வேக) ஜாயிண்டும் பெரும்பாலும் அதுவே.

கிரெக்வார் அதற்குள் வேறு பக்கம் போயிருந்தார். 1930களின் இறுதியில் வந்த அமில்கார் காம்பவுண்ட் காருக்கு வார்ப்பு அலுமினியத்தில் சட்டகம் அமைத்தார், 1942இல் ஒரு மின்சாரக் கார், 1952இல் டர்பைன் எஞ்சின் வைத்த ஒரு கார். 1950களில் தன் பெயரிலேயே கிரெக்வார் ஸ்போர்ட் என்ற காரையும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் கட்டினார். இவை எல்லாமே முன்சக்கர இழுப்புக் கார்கள் என்று சொல்ல முடியாது. டர்பைன் கார் பின்சக்கரத்தால் ஓடியது.