சிற்றலை ஒலி ஏன் மங்கி மங்கி வருகிறது?

சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்பவர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரியும். செய்தி தெளிவாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று குரல் அமுங்கிக் கரகரக்கும், சில நொடிகளில் தானாகவே தேறிவிடும். நிலையத்தில் பவர் குறைந்துவிட்டதோ என்று தோன்றும். பெரும்பாலும் காரணம் வேறு: ஒரே ஒலிபரப்பு இரண்டு மூன்று வழிகளில் நம் ஏரியலுக்கு வந்து சேர்கிறது.

வானில் உயரே ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்னூட்டம் பெற்ற காற்றுப் பகுதியான அயனி மண்டலத்தில் ஒரே தடவை வளைந்து இறங்கும் அலை ஒன்று. நடுவழியில் தரையில் பட்டு மறுபடி மேலே போய்த் திரும்பும் அலை இன்னொன்று. 10 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 மீட்டர். பாதை வித்தியாசம் 15 மீட்டர் மாறினாலே, கூடி ஒலித்த இரண்டும் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும். 200 கிலோமீட்டருக்கு மேலே கிடக்கும், இந்த அலைகளைத் திருப்பும் எஃப் அடுக்கோ (அயனி மண்டலத்தின் மேல் பகுதி) ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது.

ரேடியோவில் உள்ள ஏஜிசி சுற்று (ஒலி அளவைத் தானாகச் சமன்செய்யும் பகுதி) பெருக்கத்தைக் கூட்டிக் கொஞ்சம் சமாளிக்கும். இரைச்சலும் கூடவே எழும். கரகரப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அது வேறு கதை. இரு அலைகளுக்கும் ஒரு மில்லிநொடி இடைவெளி இருந்தால், அதிர்வெண்ணில் ஒவ்வொரு 1 கிலோஹெர்ட்ஸுக்கும், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளங்கள் நகர்ந்து வந்து நடுவிலுள்ள கேரியரை (நிகழ்ச்சியைச் சுமந்து வரும் அடிப்படை அலையை) விழுங்கும்போது, அதன் இருபுறமும் ஒலியைத் தாங்கிவரும் பக்கப்பட்டைகள் மட்டும் மிஞ்சுகின்றன. அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் சாதாரண டயோடு டிடெக்டர் கேரியர் இல்லாமல் திணறிப்போகிறது. சிங்க்ரனஸ் டிடெக்டர் உள்ள ரேடியோ தானே ஒரு நிலையான கேரியரை உண்டாக்கி அந்த இடத்தில் வைத்துக்கொள்ளும். 1980களில் வந்த சோனி ஐசிஎஃப்-2010ஐ இன்றும் பலர் தேடி வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதைவிடப் பழையது. 1920களில் அமெரிக்காவின் லாங் ஐலண்டில், ரிவர்ஹெட் என்ற ஊரிலிருந்த ஆர்சிஏ என்ற வானொலி நிறுவனத்தின் நிலையத்தில் பொறியாளர்கள் ஹெரால்ட் பெவரேஜும் பீட்டர்சனும் கவனித்தது இது: ஓரிடத்தில் ஒலி மங்கும் அதே நேரத்தில், சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் ஏரியலில் நன்றாக வருகிறது. தள்ளித் தள்ளி மூன்று ஏரியல், மூன்று ரிசீவர் வைத்து வெளியீடுகளைச் சேர்த்தார்கள். மூன்றும் ஒரே நொடியில் மங்குவது அபூர்வம்.

வீட்டில் அவ்வளவு இடம் ஏது? பரவாயில்லை, கிடையாக ஒரு கம்பி, செங்குத்தாக ஒரு கம்பி போதும். அயனி மண்டலம் அலையின் முனைவாக்கத்தையும் (அது கிடையாகவோ செங்குத்தாகவோ அதிரும் திசையை) திருப்பிவிடுவதால் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் மங்கும். இரண்டு ரேடியோக்களை ஒரே நிலையத்துக்கு வைத்து, ஹெட்போனில் காதுக்கு ஒன்றாகக் கேட்டால் மூளையே நல்லதைப் பொறுக்கிக்கொள்ளும்.

ஏரியலைத் தொடாமலே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரே நிகழ்ச்சி இரண்டு அலைவரிசைகளில் கிடைத்தால், ஒலி வந்து சேரும் வரையில், அதிர்வெண் அதிகமாக உள்ளதைப் பிடியுங்கள். அந்த அதிர்வெண்ணில், பல தடவை துள்ளி வரவேண்டிய செங்குத்தான அலைகள் அயனி மண்டலத்தைத் துளைத்து விண்வெளிக்கே போய்விடும். ஒரே பாதைதான் மிஞ்சும்.